பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்

சரவணா,

"அப்பா, கோர்ட்ல வந்து, நான் எதையும் சரியாப் பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எல்லாம் முடிஞ்சுரும்" என்று நீ அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றபடி படித்தேன். முன்னால் இருந்தவர்கள் நகர்ந்தது தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறேன். பின்னால் இருந்தவர் தோளைத் தொட்டுத் தள்ளிவிட்டார். உன்னைப் போனில் கூப்பிடத்தான் நினைத்தேன். உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டிலும் சொல்ல வேண்டியது சொல்லாமல் போய்விடும். அதனால் எழுதுகிறேன். நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை, குறுக்கே நீ பேச இடமில்லாமல், ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீ பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படி.

போன மார்கழிக் கடைசியில் நீ போன் செய்து, "கொடைக்கானலுக்கு வாங்கப்பா. காட்டேஜ்ல புதுசா ரூம் கட்டுறேன், நீங்க கூட இருந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று கூப்பிட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆயுசு முழுக்க அந்த மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு வத்தலக்குண்டில் வீட்டுக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டிருந்தேன். மகன் தேடுகிறான், மேலே போகிறேன் என்று தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தன் தங்கை மகளின் பிரசவத்துக்குத் துணையாக உன் அம்மா இங்கேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

உன் வீடு எனக்குப் பெருமையாக இருந்தது. முன்னால் விருந்தினர்களுக்கான அறைகள், பின்னால் நீங்கள் குடியிருக்கும் சின்ன வீடு, அதற்கும் பின்னால் பூண்டும் முட்டைக்கோசும் போட்ட துண்டு நிலம். விருந்தினர்களிடம் நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். யார் வந்தாலும் அவர்கள் பிள்ளையின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வாய். "உங்க மகன் மாதிரி தன்மையான ஆள இந்த ஊர்ல நான் பாக்கல சார்" என்று சென்னைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். வீட்டுக்குள்ளும் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. உன் கார் ஹாரன் கேட்டதும் பேத்தி கயல் டிவியை நிறுத்திவிடுவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கி வைத்துவிட்டு, புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவாள். ஐந்து வயதுப் பிள்ளை. என்ன நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன் சரவணா. உன் அம்மாவிடம் போனில் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அந்தப் பிள்ளை பயந்துகொண்டு அடுக்குகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மருமகள் மலர் என்னிடம் அதிகம் பேசமாட்டாள். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள், பி.எட். படித்தவள், கல்யாணமான புதிதில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலையை விட்டது அவள் இஷ்டம் என்று நீ சொல்லியிருந்தாய். அவளிடம் போன்கூட இல்லாததைப் பார்த்து நான் கேட்டபோது, "அவளுக்கு எதுக்குப்பா, வீட்லதான இருக்கா" என்றாய். அதுவும் எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது.

அது ஒரு காலை நேரம். வெயில் ஏறி, புல்லில் படிந்திருந்த உறைபனி உருகிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பாத்திக்குத் தண்ணீர் போகும் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். முன்பக்க அறையில் வெந்நீர் வரவில்லை என்று ஒருவர் சத்தம் போட, நீ "சாரி சார், ரெண்டே நிமிஷம் சார்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு உள்ளே வந்தாய். நீ கத்திக்கொண்டு வந்திருந்தால்கூட எனக்கு இத்தனை அதிர்ச்சி இருந்திருக்காது. மெதுவான குரலில், "கீசர் சுவிட்ச வெள்ளனே போடச் சொன்னேன்ல" என்று கேட்டாய். அப்புறம் ஒரு சத்தம். அலமாரியிலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் மலரின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து அவள் தலையைச் சுவரோடு அழுத்தியிருந்தாய். இன்னொரு கை அவள் விலாவில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. அவள் கத்தவில்லை. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாய். சட்டைக் காலரைச் சரிசெய்தாய். தலையைக் கோதிக்கொண்டு முன்பக்கம் போனாய். "ஆன் பண்ணியாச்சு சார், இப்ப வரும் பாருங்க" என்று நீ சொல்வதும், அந்த மனிதர் சிரிப்பதும் எனக்குக் கேட்டது.

நான் ஏன் உள்ளே ஓடி வரவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். மலைப்பாதையில் என் கண்ணெதிரே பாறை உருண்டு வந்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது. அப்போதெல்லாம் மூளை யோசிப்பதற்கு முன்னாலேயே கையும் காலும் வேலை செய்துவிடும். அன்றைக்கு எதுவும் அசையவில்லை. இது சரவணன் இல்லை, வேறு யாரோ என்று கண் சொல்லிக்கொண்டே இருந்தது. கழற்றிய குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, செருப்பு நனைந்து, கால் விறைத்துப் போனதுகூட உறைக்கவில்லை. மலர் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். நான் பார்த்ததையும் அவள் பார்த்துவிட்டாள். அவள்தான் முதலில் பேசினாள்.

"மாமா, அந்தக் குழாய மூடுங்க. தண்ணி வீணாப் போகுது."

உள்ளே போனேன். "என்னம்மா இது?" என்றேன். அவள் பொங்கிய பாலை இறக்கி வைத்தாள், அடுப்பைத் துடைத்தாள், என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "நீங்க இருந்தா கை நீட்ட மாட்டாருன்னு நெனச்சேன் மாமா. அதான், ரூம் வேலைக்கு மாமா வந்தா நல்லதுன்னு நானே அவருகிட்டச் சொல்லி ஒங்களக் கூப்பிட வச்சேன். கொஞ்ச நாள் சும்மாதான் இருந்தாரு." மகன் தேடுகிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேனே! என்னைத் தேடியது நீ இல்லை. அடிக்குப் பயந்து ஒரு பெண் என்னை வரவழைத்திருக்கிறாள்.

"ஒங்க அம்மாகிட்டச் சொல்லலையா தாயி?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அப்பா போயி வருஷம்கூடத் திரும்பல, நீயும் வந்து நின்னா நான் என்ன செய்வேன், பொறுத்துப் போன்னாங்க. அத்தைகிட்டயும் ஒரு தடவ சொன்னேன் மாமா. ஆம்பளன்னா கோவம் இருக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டாங்க."

அவள் அத்தை என்றது உன் அம்மாவைத்தான். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல், என்னோடு ஒரே தட்டில் வெற்றிலையை வைத்துப் போட்டுக்கொண்டு, அவள் அதை மனதுக்குள் வைத்திருக்கிறாள். அன்றைக்கு என் காலடியில் தரை இரண்டாம் முறையாக நகர்ந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட லீவு விட்டால் உன்னை என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். ஒரு நாள் முன்னால் போன வேன் ஒரு குரங்குக் குட்டியை அடித்துப் போட்டுவிட்டது. தாய்க்குரங்கு அதை ரோட்டோரத்துக்கு இழுத்துப் போய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீ அழுத அழுகையில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து உன்னைத் தேற்றினார்கள். வீட்டுக்கு வந்தும் நீ சோற்றைத் தொடவில்லை. அந்தப் பிள்ளையும், அன்றைக்குச் சமையலறையில் காலரைச் சரிசெய்துகொண்டவனும் ஒரே ஆள். இதை நான் நூறு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒட்டவில்லை.

அன்று பிற்பகல் காட்டேஜுக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் வாங்க மன்னவனூருக்குக் கிளம்பினாய். நானும் காரில் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டி, பைன் மரங்களுக்கு நடுவே போனபோது, "நான் பாத்தேன்லே" என்றேன்.

"என்னத்தப்பா?"

"மலர நீ அடிச்சத."

ஸ்டியரிங்கில் இருந்த உன் கை அசையவே இல்லை. "அது எங்களுக்குள்ள சின்னப் பிரச்சினைப்பா. எல்லா வீட்லயும் இருக்குறதுதான்."

"நம்ம வீட்ல இருந்துச்சாலே?"

"ஒங்களுக்கு என் டென்ஷன் தெரியாது. ஒருத்தன் தப்பா ரிவ்யூ போட்டான்னா சீசனே போச்சு. ஒரு சோலி சொன்னா அவ ஒழுங்காச் செய்யமாட்டா. நான் எவ்வளவு பொறுக்குறேன் தெரியுமா?"

"ஒன்னைய சத்தம் போட்டது அந்த விருந்தாளி. அவர அடிச்சியாலே?"

நீ காரை ஓரமாக நிறுத்தினாய். அந்தக் கேள்விக்கு நீ இன்றைக்கும் பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாய். இனிமேல் தொடமாட்டேன், கயல் தலைமேல் சத்தியம் என்றாய். நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, ஏதோ பெரிய காரியத்தை முடித்துவிட்டவன்போல, "அவன்கிட்டப் பேசிட்டேன்மா, இனிமே கை நீட்ட மாட்டான்" என்று மலரிடம் சொன்னேன். "சரிங்க மாமா" என்றாள். அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. நான் உன்னிடம் பேசியதற்கு அவள்தான் அனுபவிக்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

இரண்டொரு நாளில், நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது மலர் பின்கட்டுப் படியில் ஒரு பக்கக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். நீ விருந்தினர்களோடு வெளியே போயிருந்தாய். கயல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். "எங்கப்பாகிட்டப் போயி வத்தி வச்சியான்னு கேட்டு அறஞ்சுட்டாரு மாமா. காதுக்குள்ள ஒரே இரைச்சலாக் கெடக்கு" என்றாள். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று அவள் சொன்னதை அந்தப் பெண் டாக்டர் எழுதிக்கொள்ளவில்லை. காதைப் பார்த்தார், முடியை விலக்கித் தலையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார்.

"மாமனார்."

"அப்ப நீங்க வெளிய இருங்க."

அந்தக் குரலை உனக்கு எப்படிச் சொல்வேன்? என்னையும் உன் ஆளாக எண்ணித்தான் அவர் வெளியே அனுப்பினார். கோபம் வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது, அவர் செய்தது சரி என்றுதான் பட்டது. நெடுநேரம் கழித்து மலரே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். காதில் பஞ்சு வைத்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசாத பெண், அன்று பார்த்துக் கேட்டாள்: "மாமா, என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்க. நான் உள்ளதச் சொல்லப்போறேன். நீங்க ஜன்னல்ல பாத்ததச் சொல்லுவீங்களா?"

சரவணா, அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே நீ பிறந்தபோது உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தது வந்து போனது. ஊர் என்ன சொல்லும் என்பது வந்து போனது. உனக்குக் கைவிலங்கு மாட்டுவதுபோல் ஒரு காட்சி வந்து போனது. அதெல்லாம் வந்து போகிற வரைக்கும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லுவேம்மா" என்றேன்.

அன்று டாக்டர் அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார். அவரே சொல்லி அனுப்பி, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு மையத்திலிருந்து ஓர் ஆலோசகர் அம்மா வந்தார். "போலீசுக்குப் போனாத்தான் உதவின்னு இல்லம்மா. போறதா இருந்தா அது ஒங்க முடிவு. பாதுகாப்பு அலுவலர்னு மாவட்டத்துல ஒரு அதிகாரி இருக்காங்க. அவங்க மூலமா நேரா கோர்ட்டுக்கே எழுதலாம். அடிக்கக் கூடாது, கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு போடும். தங்க எடம் இருக்கு, சாப்பாடு இருக்கு, வக்கீலும் வச்சுத் தருவோம். எதுக்கும் நீங்க செலவு பண்ண வேண்டியதில்ல" என்று பொறுமையாகச் சொன்னார். இப்படியெல்லாம் வழி இருக்கிறது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. மலர் கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர ஜெயில்ல போடணும்னு நான் கேக்கல. எனக்கு அடி வாங்காம இருக்கணும். என் புள்ள என்கூட இருக்கணும். என் சர்டிபிகேட் வேணும், நான் வேலைக்குப் போகணும்" என்றாள்.

நான் குறுக்கே புகுந்து, "ரெண்டு பேரையும் உக்கார வச்சு ஒரு தடவ சமாதானமாப் பேசிப் பாத்தா..." என்று இழுத்தேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னா உக்கார வச்சுப் பேசலாம்யா. ரெண்டு பேரும் பயமில்லாம வாயத் தொறக்கணும். இங்க ஒருத்தங்க பயந்துபோயி இருக்காங்க. இவங்க எதச் சொன்னாலும் வீட்டுக்குப் போனதும் அதுக்கு அடி விழும். நீங்க பேசினதுக்கு என்ன ஆச்சுன்னு இந்தக் காதுல பாருங்க. மொதல்ல இவங்களும் புள்ளையும் பத்திரமா இருக்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கெளம்புறது தெரிஞ்சா அப்பத்தான் ஆபத்து ஜாஸ்தி. அவருகிட்ட ஒண்ணும் காட்டிக்காதீங்க" என்று எச்சரித்தார்.

சாயங்காலம் நீ ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாய். "பாத்ரூம்ல வழுக்கிட்டா சிஸ்டர், சொன்னாக் கேக்கவே மாட்டா" என்று சிரித்துக்கொண்டே நர்சிடம் சொன்னாய். உரித்த சுளையை அவள் கையில் வைத்தாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உன் முகத்தில் ஒரு சின்னக் கூச்சமாவது தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. ஜன்னலில் பார்த்ததைவிட அது என்னை அதிகமாக உலுக்கியது.

மறுநாள் நீ விருந்தினர்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போன நேரத்தில் நான் வீட்டுக்குப் போய் அவள் சான்றிதழ்களையும் பிள்ளையின் துணிமணிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். கயலைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மலரை அழைத்துக்கொண்டேன். மூவரும் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினோம். நான் எத்தனையோ வருஷம் ஓட்டிய தடம். டிரைவர் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். "என்னண்ணே, குடும்பத்தோட எறக்கமா?" என்று சிரித்தார். பஸ் பெருமாள்மலையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது உன் கார் வந்து முன்னால் குறுக்காக நின்றது. காட்டேஜில் யாரோ பையைப் பார்த்துவிட்டு உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நீ ஏறி வந்தாய். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "மலரு, எறங்கு. எல்லாரும் பாக்குறாங்க. வீட்ல போயி பேசிக்கலாம்" என்றாய். கயல் அம்மாவின் இடுப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் எழுந்து நடுவில் நின்றேன்.

"எறங்கிப் போலே" என்றேன்.

"அப்பா, நீங்க தலையிடாதீங்க."

முன் சீட்டில் இருந்த ஒருவர், "புருஷன் கூப்புடுறாருல்ல, போம்மா. இதெல்லாம் வீட்டுக்குள்ள பேசிக்கிற விஷயம்" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அப்போது மலர் எழுந்து நின்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நான் வரல. இவரு என்னைய அடிக்கிறாரு. காத அடிச்சுக் கிழிச்சுட்டாரு. நான் வரல."

போகச் சொன்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் பின்படியிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் நின்றார். "தம்பி, டிக்கெட் எடுத்திருக்கீங்களா?"

"நான் இவ ஹஸ்பெண்டு."

"அது கேக்கல. டிக்கெட் இருக்கா? இல்லேன்னா எறங்குங்க. வெரசா எறங்கி ஒங்க கார எடுங்க. வண்டி கெளம்பணும்."

நீ என்னைப் பார்த்தாய். நான் உனக்காக ஒரு வார்த்தை பேசுவேன் என்று எதிர்பார்த்தாய். நான் பேசவில்லை. நீ இறங்கினாய். கண்டக்டர் விசில் கொடுத்தார். ரோட்டோரத்தில் நீ நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் வளைவில் திரும்பிய பிறகும் நான் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தேன். மலர் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "உக்காருங்க மாமா" என்றாள்.

அன்றே ஆலோசகர் அம்மா சொன்னபடி மலரும் கயலும் அந்த மையத்துக்குப் போனார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாசலிலேயே, "பெத்த புள்ளைய இப்படிக் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே" என்றாள். அப்புறம் பல நாள் என்னிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். நானும் அவளைக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கயலைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஏங்கிப்போனதால் ஒரு நாள் மலரே பிள்ளையை எங்களிடம் விட்டுப் போனாள். உன் அம்மா அதற்குத் தலைவாரிவிடச் சீப்பை எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து முடியைச் சேர்த்துப் பிடித்தாள். பிள்ளை இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது. "ஏன்டி தங்கம்?" என்று உன் அம்மா கேட்டாள். "சத்தம் போட்டா அப்பா இன்னும் அடிப்பாருல்ல அப்பத்தா. அம்மா இப்படித்தான் பொத்திக்கிருவாங்க" என்றது.

உன் அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் மலர் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது, "நீ வந்து சொன்னப்பவே நான் ஒன் கையப் புடிச்சிருக்கணும்" என்று அவளிடம் சொன்னாள். மலர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் மறுநாளும் பிள்ளையைக் கூட்டிவந்தாள்.

இதற்கெல்லாம் எங்கே வேர் என்று நான் தேடாத இடமில்லை. நான் உன் அம்மாவை ஒரு நாளும் அடித்ததில்லை. குடித்ததில்லை. உன்னை அடித்து வளர்க்கவில்லை. உன் சிநேகிதர்களை நினைத்துப் பார்த்தேன், காட்டேஜ் தொடங்கும் முன் ஹோட்டலில் உன்னை வேலை வாங்கிய முதலாளிகளை நினைத்துப் பார்த்தேன், தொழில் கவலையை நினைத்துப் பார்த்தேன். ஆலோசகர் அம்மாவிடம் இதையே புலம்பியபோது, "காரணத்தத் தேடுறது ஒங்க மனசு ஆறட்டும்னுதான்யா. தேடிக்கிட்டே போனா கடைசில அடிச்சவரத் தவிர மத்த எல்லாரும் பொறுப்புன்னு ஆயிரும்" என்றார். அன்றோடு தேடுவதை விட்டேன். விட்டபின் மீதி இருந்தது ஒன்றுதான். நீ அடித்தாய். விருந்தாளியிடம் அடக்கத் தெரிந்த கையை அவளிடம் அடக்க வேண்டாம் என்று நினைத்தாய்.

மலர் இப்போது இங்கே ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்திருக்கிறாள். கோர்ட்டு போட்ட இடைக்கால உத்தரவு அவள் கையில் இருக்கிறது, விசாரணை இன்னும் முடியவில்லை. அந்தக் காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. யாராவது பேசினால் மற்றக் காதைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் உன்னிடம் திரும்பி வருவாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டால், ஜன்னலில் பார்த்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது நீ எதிரே நிற்பாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்வேன்.

உனக்காகவும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். மதுரைக்குப் போய், வீட்டில் கை நீட்டும் ஆண்களோடு பேசுகிற ஓர் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்தேன். "நீங்க வந்து உக்காந்து பிரயோஜனம் இல்ல சார். அவரு தானா வரணும். வந்தாலும், குடும்பம் திரும்பக் கெடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இனிமே யாரையும் அடிக்காத மனுஷனா ஆகலாம், அதுக்கு ஒத்தாசை பண்ணலாம். ஆனா நான் அடிச்சேன்னு அவரு வாயால சொல்லணும். அதுக்கு முன்னாடி எதுவும் ஆரம்பிக்க முடியாது" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் நீ அதைச் சொல்லவே இல்லை. வழுக்கி விழுந்தாள் என்றாய். சின்னப் பிரச்சினை என்றாய். கை பட்டுவிட்டது என்றாய். இப்போது என்னையும், பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்கிறாய். நீ மதுரைக்கு வருவதாக இருந்தால் நானும் கூட வருகிறேன். நீ உள்ளே பேசி முடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை தடவை போக வேண்டுமோ அத்தனை தடவையும் வருகிறேன். அதற்கு முன்னால் எனக்குப் போன் செய். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு என்றெல்லாம் கேட்காதே. மன்னிப்பும் என்னிடம் கேட்க வேண்டாம், அது எனக்குரியது இல்லை. நான் அடித்தேன் என்று சொல். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உனக்குப் பேச்சு வராமல் போகலாம். எனக்கும் வராமல் போகலாம். நான் போனை வைக்க மாட்டேன்.

அப்பா